பொண்ணுக்கு வயசு என்ன?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேச வருகிறவர்கள் இலைக்கு எவ்வளவு, எத்தனை பொரியல், பாயசம் ஒன்றா இரண்டா என்றுதான் கேட்பார்கள். செம்பியன் மாஸ்டரிடம் வந்தால் கேள்வியை அவர் ஆரம்பிப்பார். நீட்டின வெற்றிலைத் தட்டைத் தொட மாட்டார். தொட்டால் வேலையை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணுக்கு வயசு என்னங்க?" என்பார். கடலூரில் வேறு எந்தச் சமையல்காரரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாம்பார் வைக்க வந்தவனுக்கு எதற்குப் பெண்ணின் வயசு என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர் போகட்டும் என்று விட்டுவிடுவார். எங்களுக்குத்தான் வயிறு எரியும். ஒரு முகூர்த்தம் கைவிட்டுப் போனால் எங்கள் கூலியும் சேர்ந்துதானே போகிறது?

எங்களுக்கு என்றால் அவருடைய சமையல் கோஷ்டிக்கு. அதில் காய்கறி நறுக்கும் பெண்களுக்கு நான்தான் தலைவி. பெயர் மங்கலம், ஊர் மேல்பட்டாம்பாக்கம். 2004இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பதினைந்து வயசில், பத்தாவது பரீட்சைக்கு முன்னால், எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மாப்பிள்ளை பண்ருட்டியில் முந்திரி லாரி ஓட்டினார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், மாமியாருக்குச் சேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், என்னிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கே வருஷத்தில் அவர் ஒரு விபத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதே விசேஷத்துக்குப் பூசணிக்காய் நறுக்க மட்டும் நான் ஆகாதவள் இல்லை. இதை நினைத்தால் முன்பெல்லாம் கோபம் வரும், இப்போது சிரிப்பு வருகிறது.

மாஸ்டர் அந்தக் கேள்வியோடு பிறக்கவில்லை. 2007இல் நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் எங்களுக்கு வேலை. காலை டிபன் பந்தி தொடங்கிவிட்டது. பின்கட்டில் கோட்டை அடுப்பில் மதியச் சாம்பார் கொதிக்கிறது. அப்போது ஜீப்பில் ஒரு அம்மாள் வந்து இறங்கினார், கூட இரண்டு போலீஸ். சமூக நலத் துறை அதிகாரி, பெயர் லோகநாயகி. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மேளக்காரர்கள் வாத்தியத்தை உறைக்குள் போட்டார்கள். பெண்ணின் அப்பா, எங்கள் பெண் பெரிய மனுஷியாகி மூன்று வருஷமாகிறது, ஊரைக் கூட்டி சடங்கு செய்தோம் என்று கத்தினார். அந்த அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. உடம்புக் கணக்கு வேறு, சட்டக் கணக்கு வேறு, பதினாறு வயசுப் பெண் அண்டர் ஏஜ், பதினெட்டு முடியாமல் தாலி கட்டினால் கட்டியவருக்கும் கட்டி வைத்தவருக்கும் கேஸ் என்று பொறுமையாகச் சொன்னார்.

கூடத்தில் இரண்டு பக்கமும் சண்டை. அந்த நேரத்தில் கல்யாணப் பெண் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். தாலி ஏறும்வரை பாலும் பழமும்தான் என்று பட்டினி போட்டிருந்தார்கள் போல. "அண்ணே, பசிக்குது" என்றாள். மாஸ்டர் ஒரு இலையைப் போட்டு கேசரி வைத்தார். அவள் முந்திரிப் பருப்பை எல்லாம் பொறுக்கி இலை ஓரத்தில் சேர்த்து வைத்துவிட்டு, கேசரியை முதலில் தின்றாள். முந்திரியைக் கடைசியில் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். வெளியில் அவள் கல்யாணம் நின்று போய் ஊரே அடித்துக்கொள்கிறது, அவள் இன்னொரு கரண்டி கேட்டாள். மாஸ்டர் அடுப்பைக்கூடப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பார் அடிப்பிடிக்க, நான்தான் ஓடிப்போய் விறகை இழுத்தேன்.

மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. மொத்தத்தையும் ஒரு பள்ளி விடுதிக்கு ஏற்றி அனுப்பினோம். புறப்படும்முன் மாஸ்டர் அந்த அதிகாரியிடம் போய், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சட்டம் சொல்கிற வயசு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்றார் அந்த அம்மாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டார் மாஸ்டர் அந்த வார்த்தையை. புது அரிசி மூட்டையைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது அண்டர் ஏஜ், கொழஞ்சிடும், பழசு குடுங்க" என்று கடையில் திருப்பிவிடுவார். பண்ருட்டியிலிருந்து வரும் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அண்டர் ஏஜ் என்பார். நேற்று உறை ஊற்றின தயிர் அண்டர் ஏஜ், காலையில் அரைத்த மாவு அண்டர் ஏஜ். நாங்களும் பேசிப் பேசி எங்கள் கோஷ்டியில் அது தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது. ஒருமுறை மளிகைக் கடைக்காரர் தங்கராசு கொடுத்த கடனைக் கேட்டபோது, பில் அண்டர் ஏஜாக இருக்கிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்று மாஸ்டர் சொல்லித் தப்பித்தார். இப்படியெல்லாம் சிரித்தாலும் வெற்றிலைத் தட்டு வந்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும்.

அந்தக் கேள்வி 2009இல் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

மாஸ்டருக்கு ஒரே ஒரு அக்கா, கொளஞ்சியம்மாள். சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் வீடு. அம்மா போனபின் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் புருஷன் உத்திராபதி சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒரே மகள் இலக்கியா. அவள் பிறந்த அன்றைக்கே, இது என் தம்பிக்கு என்று அக்கா சொல்லிவிட்டாராம். தாய்மாமன் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. காது குத்துக்கும் சடங்குக்கும் மாமன் சீர் சுமந்துகொண்டு போனவர் மாஸ்டர்தான். உத்திராபதிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியதும், கண் மூடும்முன் மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தார். இலக்கியா அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள், பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. மாசி மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அக்கா ஆள் அனுப்பினார்.

மாஸ்டர் சிதம்பரம் போய், இரண்டு வருஷம் போகட்டும் என்றார். அக்கா ஒரே பேச்சில் வழியை அடைத்துவிட்டார். பண்ருட்டியில் முந்திரி வியாபாரி வைத்திலிங்கம் தன் மகனுக்குப் பெண் கேட்கிறார், நீ கட்டிக்கொள்ளவில்லை என்றால் மாசியில் அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். ஆக, மாஸ்டர் கட்டினாலும் அவளுக்குப் பதினாறு வயசில் தாலி, கட்டாவிட்டாலும் பதினாறு வயசில் தாலி.

அடுத்த வாரம் எங்கள் கோஷ்டியில் ஒரே பேச்சு. மாஸ்டர் சிதம்பரத்தில் பரிசம் போட்டுவிட்டு வந்துவிட்டார் என்று. தேங்காய், பழம், பட்டுச் சேலை எல்லாம் தட்டில் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால், இந்தப் பெண் எனக்கு என்று உறுதி செய்துவிட்டாராம். ஊரில் இருக்கிற அப்பன்களை எல்லாம் கேள்வி கேட்ட மனிதர், தன் வீட்டுப் பெண் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாரே என்று எனக்கு எரிச்சல். அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. அன்றைக்கு நான் நறுக்கிய பீன்ஸ் எல்லாம் கோணல்மாணலாக விழுந்தது.

மாஸ்டர் தாம்பாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பீன்ஸ் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

நான் அரிவாள்மனையை மடக்கி வைத்தேன். "பொண்ணுக்கு வயசு என்ன மாஸ்டர்?" என்று கேட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் கவிழ்த்திருந்த அண்டாமேல் உட்கார்ந்துகொண்டார். "தாய்மாமன் பரிசம் போட்ட பொண்ண வேற எவனும் கேட்டு வர மாட்டான், மங்கலம். கல்யாணம் பதினெட்டு முடிஞ்சாதான்னு சபையில சொல்லிட்டுத்தான் தட்டையே வெச்சேன். மாமா சரின்னுட்டாரு. பரிசம் ஆயிட்டதால அக்காவும் ஒத்துக்கிச்சு. புள்ளகிட்டயும் சொல்லிட்டேன், பதினெட்டுக்கு அப்புறம் நீ சொல்றதுதான்னு. நானு வேணாம்னாலும் சரின்னு."

அதிகாரி அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "என்ன வளத்த அக்கா வாசல்ல போலீஸ நிறுத்தவா?" என்றார். பிறகு, பரிசம் போட்ட அன்றைக்குப் பொங்கல் சாப்பிடும்போது இலக்கியாவும் முந்திரியை ஓரமாக ஒதுக்கி வைத்துக் கடைசியில் தின்றாள் என்றார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். சரி என்றால் கட்டிக்கொள்வேன், பரிசம் போட்டது நான்தானே என்றார். நியாயமான பதில்தான். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. பீன்ஸை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தேன்.

2010 ஆனி மாதம் இலக்கியாவுக்குப் பதினெட்டு முடிந்தது. முடிந்த அன்றைக்கே முகூர்த்தம் குறிக்க அக்கா சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுவிட்டார். சமையல் மாப்பிள்ளை பொறுப்பு என்று கிண்டலாகச் சொல்லி அனுப்பியிருந்தார், அதனால் நாங்கள் நாலைந்து பேரும் போனோம். நான் கொத்சுக்குக் கத்தரிக்காய் நறுக்கினேன். கூடத்தில் பேசுவது பின்கட்டில் நன்றாகக் கேட்டது. பஞ்சாங்கத்தைப் பிரித்ததும் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"இலக்கியா, உனக்கு இன்னியோட பதினெட்டு முடிஞ்சிடுச்சு. இனிமே உன்னக் கேக்காம யாரும் எதுவும் பண்ண முடியாது. உன் இஷ்டம் என்னன்னு நீயே சொல்லு."

நான் கத்தியும் கையுமாகக் கதவோரம் வந்து நின்றேன். அங்கே வந்து நின்றது அவளுக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் உள்ளே போனாள். பரிசத் தட்டோடு, மடிப்புக் கலையாத பட்டுச் சேலையோடு திரும்பி வந்தாள். மாமன் காலடியில் வைத்துவிட்டு, "எனக்கு நர்ஸ் படிக்கணும் மாமா. இப்ப கல்யாணம் வேணாம்" என்றாள். பிறகு, ஏதோ விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்வது போல, "எப்பவுமே, உங்களைக் கட்டிக்க வேணாம். மாமாவாவே இருங்க" என்றாள்.

மாப்பிள்ளை பின்வாங்கினால் பெண்ணுக்குக் கெட்ட பெயர். பெண் தட்டைத் திருப்பினால் பேச்சு அதோடு முடிந்தது. அதனால்தான் அவளையே சொல்ல வைத்தார் என்பது அக்காவுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. தம்பியைப் பார்த்து, "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு என்ன ஊரு முன்னால முட்டாளாக்கிட்டீங்க. எனக்குத் தம்பி இல்ல, போ" என்றார். மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சொந்தக்காரர்கள் சாப்பிடுவதா எழுவதா என்று தெரியாமல் முழித்தார்கள். உத்திராபதி மட்டும் தானே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கொத்சு பிரமாதம், மச்சான் எங்க?" என்று தேடினார். கண் மூடப் போகிறேன் என்று சொன்ன அந்த மனிதர் இன்றைக்கும் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

இலக்கியாவை நர்ஸிங் சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசிய பிறகு யார் தடுப்பது? ஆனால் அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். போன் அடித்தால் எடுத்துவிட்டு, குரல் கேட்டதும் வைத்துவிடுவார். மாஸ்டர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் லட்டோ மைசூர்பாகோ ஒரு டப்பாவில் போட்டு சிதம்பரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வரும். உள்ளே ஒரு சீட்டுகூட இருக்காது. "தின்னிருக்கு இல்ல?" என்று டப்பாவை முகர்ந்து பார்த்து சந்தோஷப்படுவார். எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு பெண்ணின் படிப்புக்காக, தன்னை வளர்த்த கையை இழந்துவிட்டு டப்பாவை முகர்ந்துகொண்டிருக்கிறாரே என்று இருக்கும்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கடலூரில் கரண்ட் இல்லை, போன் இல்லை, கல்யாணமும் இல்லை. இரண்டு நாள் கழித்து, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி இலக்கியா வந்து நின்றாள். பை நிறைய அரிசி, மெழுகுவத்தி, ஒரு தூக்கில் கொத்சு. அக்கா அனுப்பினாரா என்று மாஸ்டர் கேட்டார். "அம்மா அனுப்பல. பஸ்ஸுக்குக் காசு குடுத்து, உசுரோட இருக்கானான்னு பாத்துட்டு வாடின்னாங்க" என்றாள். மாஸ்டர் தூக்கைத் திறந்து நின்றபடியே சாப்பிட்டார். இலக்கியா என்னைத் தனியே கூப்பிட்டு, மாமாவை இப்படியே விட்டுவிடப் போகிறீர்களா அத்தை என்று கேட்டாள். அத்தை என்று அவள் எந்தக் கணக்கில் கூப்பிட்டாளோ, எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

பொங்கல் கழித்து மாஸ்டரே கேட்டார். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். கட்டிக்கொள்ளலாமா, யோசித்துச் சொல், அவசரமில்லை, உன் இஷ்டம்தான் என்றார். பதில் அப்போதே என் நாக்கு நுனியில் இருந்தது. சும்மா ஒரு வாரம் இழுத்தேன். என் வாழ்க்கையில் என் இஷ்டம் கேட்டு ஒருத்தர் காத்திருக்கிறார், அந்த சுகத்தை ஒரே நாளில் முடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

2012 ஆவணியில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் என்று முடிவாயிற்று. விதவையைக் கட்டுகிறான் என்று நாலு பேர் பேசினார்கள், பேசினவர்கள் பந்திக்கு மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்கு ஒரே கவலைதான். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடுவது. பத்திரிகை வைக்க சிதம்பரம் போனபோது அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. உத்திராபதிதான் வாங்கிக்கொண்டார். சித்தப்பா மகள் தைலம்மாள், முடிச்சை நான் போடுகிறேன் என்று முன்வந்தாள். வேண்டாம், அக்கா வராவிட்டால் மூன்றையும் நானே போட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

முகூர்த்த நாளில் அந்தக் கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு மேளம் முடியும்முன் அடுத்த மேளம். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் கை என் கழுத்துக்குப் பின்னால் போயிற்று. முதல் முடிச்சு விழுந்தது. அடுத்த முடிச்சுக்கு அவர் கை சரடோடு அப்படியே நின்றது. வாசல் பக்கம் பார்க்கிறார் என்று நிமிராமலே எனக்குத் தெரிந்தது.

யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்கள். "எட்றா கைய" என்று ஒரு குரல். பின்னால் மூச்சு வாங்குகிறது, வளையல் சத்தம், அதற்கும் பின்னால் இலக்கியாவின் சிரிப்பு. தாலிச் சரடு இப்போது வேறு கையில் இருந்தது. ஆனால் முடிச்சு விழவில்லை.

"இருங்க. ஒண்ணு கேக்கணும்" என்றார் கொளஞ்சியம்மாள், மேளக்காரர்களே நிறுத்துகிற குரலில். "பொண்ணுக்கு வயசு என்ன?"

எங்கள் சமையல் கோஷ்டி மொத்தமும் சிரித்துவிட்டது. மாஸ்டர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றார். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். மணமேடையில் பெண் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். பதினைந்து வயசில் இதே மாதிரி உட்கார்ந்திருந்தபோது நான் திறக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நிமிர்ந்து அக்கா முகத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீரோடு எனக்காகக் காத்திருந்தார்.

"முப்பத்திரண்டு அண்ணி" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு இரண்டு முடிச்சையும் போட்டார்.